பூதவாதியின் அம்மா அப்பா

மணிமேகலையில் 27ஆம் காதையை, அதாவது ‘சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை’யை, யாரும் ரசித்துப் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஸ்பெக் டாக்குமென்ட் மாதிரி இருக்கும். வஞ்சி நகரத்தில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய் ‘உன் கொள்கை என்ன?’ என்று கேட்கிறாள். அவர்கள் சொல்கிறார்கள், அவள் நகர்கிறாள். கடைசியில் வருகிற பூதவாதியிடம்தான் சூடு பிடிக்கிறது.

பூதவாதி சொல்வது சுருக்கமாக இது: பூவும் வெல்லமும் சேர்ந்து ஊறினால் போதை பிறக்கிற மாதிரி, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும். கண்ணால் காண்பதே அறிவு, அனுமானம் செல்லாது, மறுபிறவி பொய். மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். உன் தாய் தந்தை இவர்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

பலரும் இதை நாக்-அவுட் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் அதே காதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அளவைவாதி, அறிவு வரும் வழிகளாகப் பத்து அளவைகளைச் சொன்ன கையோடு, அறிவு போலத் தோன்றி ஏமாற்றுகிற எட்டையும் சொல்கிறான். அதில் கடைசி ‘நினைப்பு’. அதற்கு அவன் தருகிற உதாரணம் என்ன தெரியுமா? ‘உனக்கு அம்மா அப்பா இவர்கள்’ என்று பிறர் சொல்ல, காரணம் இல்லாமல் அப்படியே எடுத்துக்கொள்வது! காதையின் முதலில் பிழையான அறிவுக்கு உதாரணம், முடிவில் எதிராளியை மடக்கும் ஆயுதம். சாத்தனார் இதைத் தெரிந்தே வைத்தாரா, தெரியாமல் விழுந்ததா என்று இஷ்டத்துக்கு ஊகிக்கலாம். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் காதை சுவாரசியமாகிறது என்பது என் கட்சி.

ஏன்னா, அம்மா யார் என்பது புகையைப் பார்த்து நெருப்பை ஊகிக்கிற கதை இல்லை. யாரோ சொன்னார்கள், நம்பினோம். அது ‘சொல்’. 29ஆம் காதையில் அறவண அடிகள் சொல்கிற பௌத்தக் கணக்கில் அளவை இரண்டே: காட்சி, கருத்து. மற்றதெல்லாம் கருத்துக்குள் அடங்கும். அதனால்தான் மணிமேகலை ‘அனுமானம்’ என்கிறாள். பூதவாதிக்குப் பதில் சொல்ல வாய்ப்பே இல்லை. கொடுத்திருந்தால், ‘போய்ச் சரிபார்க்க முடிகிற அனுமானத்தை நான் மறுக்கவில்லை, மறுமையைப் பற்றியதைத்தான் மறுக்கிறேன்’ என்றிருக்கலாம். புரந்தரர் என்ற லோகாயதர் ஏறக்குறைய இதைத்தான் சொன்னதாக, எதிர்த்தரப்பான பௌத்தர் கமலசீலரே எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, காட்சி மட்டும் போதாது என்பது சரி. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் தர்க்கம் இல்லை, அடுத்தவர் வார்த்தை.

எங்க ஏரியாவில் மூக்குதான் முதல் பிரமாணம். திருவொற்றியூரில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் ஒரு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடினார்கள், பல பேர் ஆஸ்பத்திரி போனார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலருகே அளந்தபோது ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். வரம்பு 400.

இந்த 2,090ஐ மாற்றிப் பார்த்தால் ஏறக்குறைய 3 பிபிஎம். தொழிலாளர்கள் 15 நிமிடம் வரை 35 பிபிஎம்மில் இருக்கலாம் என்பது அமெரிக்க நயோஷ் அமைப்பின் வரம்பு. அப்போ மூணு பிபிஎம்முக்கா ஜனம் மயங்கி விழுந்தது? மீட்டர் வருவதற்கு முன்னால் காற்றில் இருந்தது இதைவிட ரொம்ப அதிகமாக இருந்திருக்க வேண்டும். இதுதான் அசல் அனுமானம். இங்கே புகை என்பது மனித உடம்பு.

இன்னொன்று. அந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு மணி நேரம் 9,600, மிச்ச 23 மணி நேரம் பூஜ்யம் என்றாலும் சராசரி 400தான். டேஷ்போர்டில் பச்சை எரியும். சென்சார் டேட்டாவோடு வேலை செய்கிறவர்களுக்கு இது புதுசில்லை. மீட்டரில் தெரிவது காட்சி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே ஒரு மின்வேதிக் கலத்தின் மின்னோட்டம், அதைப் பெருக்குகிற ஒரு அளவுத்திருத்த எண், அப்புறம் நம்மை மாதிரி ஒருத்தன் எழுதின கோட்.

அதுக்காக மூக்கே போதும்னு சொல்ல வரல. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம்: சுமார் 100 பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும், ‘நாத்தம் போயிடுச்சு’ன்னு நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். அளவைவாதியின் எட்டில் இதற்குச் சரியான பெயர்கூட இல்லை. சமையல் கேஸ் விஷயத்தில் மட்டும் மனுஷன் கெட்டிக்காரன். தானாக வாசனை இல்லாத வாயுவில் மெர்காப்டனைக் கலந்து, காட்சி அளவையைச் செயற்கையாக உண்டுபண்ணிவிட்டான்.

29ஆம் காதைக்குத் திரும்புவோம். அங்கே பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று பொய்யான அனுமானத்தின் வகைகள் விரிவாக உண்டு. சொல்லுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது, அதைத்தான் கருத்துக்குள் மடித்து வைத்தாயிற்றே. பெரியகுப்பத்துப் பெண்மணி ‘நெஞ்சு எரிஞ்சுது’ என்பதும் சொல்தான், ‘அளவு வரம்புக்குள் இருந்தது’ என்கிற அறிக்கையும் சொல்தான். இரண்டாவதைப் பிரமாணமாகவும் முதலாவதைப் புகாராகவும் பதிவு செய்கிற வழக்கம் எந்த அளவையில் சேரும் என்று அறவண அடிகளிடம் கேட்க வேண்டும்.