திருகோணமலை ஆணையாளர் மாளிகை: பெயரும் காலமும்

பழைய மாளிகையொன்றைப் புதுப்பிக்குங்கால் சுவரைப் பழுதுபார்த்தல் ஒரு பணி. அதன் வரலாற்றை வரையறுத்தல் மற்றொன்று. முன்னையது செவ்வனே நிறைவேறினும் பின்னையதில் வழு நேர்தல் கூடும். திருகோணமலை உட்துறைமுக வீதியிலுள்ள பழைய மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். ஒல்லாந்து அரசின் நிதியுதவியுடன் திருத்தப்பெற்ற இம்மாளிகை, 2013இல் கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலையாகத் திறந்துவைக்கப்பட்டது. அழிவினின்றும் ஒரு கட்டடம் காக்கப்பட்டமையை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம்.

எனினும், ‘ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் மாளிகை’ என வழங்கும் பெயர் ஆராயற்பாலது. ஒல்லாந்தர் இங்கு ஆட்சி செலுத்தியது வணிகக் கும்பனி வாயிலாகவே. கும்பனியிடம் போர்க் கப்பல்கள் இருந்தன. ஆயினும் அது அரசின் கடற்படை அன்று. கப்பற்றளங்களுக்கு ஆணையாளரை நியமித்தலோ பிரித்தானியக் கடற்படையில் வேரூன்றிய வழக்கம். எனவே, கட்டடம் ஒருவர் காலத்ததும் பெயர் மற்றொருவர் காலத்ததுமாக இருத்தல் கூடுமென ஐயுறுகிறோம்.

காலக் கணிப்பும் இத்தகையதே. மாளிகை 1602க்கும் 1795க்கும் இடைப்பட்டது என்பாருமுளர். 1602 கும்பனி தோன்றிய ஆண்டு. திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியதோ 1639இலேயே. 1782 ஜனவரியில் பிரித்தானியரும் அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் இத்துறையைக் கைக்கொண்டனர். ஆட்சிக் காலத்தின் இரு எல்லைகளைக் கட்டடத்தின் வயதாகக் கொள்ளுதல் ஆய்வு ஆகாது. சாந்து, மரம், சுவரின் அடுக்கு, பழைய நிலப்படம் ஆகியனவே வயதை உரைக்கவல்லன.

1795இல் தொடங்கி 1957 வரை, நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்தது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கும் இலக்காயிற்று. நினைவுச் சின்னத்தில் பல காலத்தார் செய்த பயனுள்ள பணிகள் யாவும் மதிக்கப்படல் வேண்டும், ஒரே பாணியை மீட்பது நோக்கமன்று என்பது 1964ஆம் ஆண்டு வெனிசுப் பட்டயத்தின் நெறி. அந்நெறி சுவருக்கு மட்டுமன்றிப் பெயர்ப்பலகைக்கும் பொருந்தும்.

இன்னுமொன்று. மாளிகையில் வாழ்ந்தோரின் பதவி பெயரில் நிலைத்தது. சுண்ணாம்பு சுட்டோர், கல் சுமந்தோர், கப்பற்றளத்தில் தொழில்புரிந்தோர் அப்பெயரில் இடம்பெற்றிலர். 1957இல் இருபது வயதினராய் அத்தளத்தில் உழைத்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். சுவர் இன்னுமொரு நூற்றாண்டு நிற்கலாம். அவர்தம் நினைவு அவ்வாறு நில்லாது. அவர்கள் வாய்மொழியைப் பதிவுசெய்தல் மாளிகையைப் புதுப்பிக்கும் பணியின் எஞ்சிய பகுதி; நம் மாணவர் அதனை உடனே மேற்கொள்ளல் வேண்டும்.