பெருங்கோப்புகளில் உரைத்திருத்திகளின் வேகம்: தரவமைப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

உரைத்திருத்தி ஒன்று பெரிய கோப்பினுள் தடுமாறும்போது, பழி பெரும்பாலும் கோப்பின் அளவின்மீதே சுமத்தப்படுகிறது. இவ்விளக்கம் அரைகுறையானது. சில நூறு மெகாபைட் இன்றைய நினைவகத்திற்குப் பெருஞ்சுமையன்று. கோப்பைத் திறப்பது ஒரு செயல். அதனுள் இடம்விட்டு இடம் செல்வது வேறொரு செயல். பத்து இலட்சமாவது வரிக்குச் செல்ல வேண்டுமெனில், அவ்வரி எங்குத் தொடங்குகிறது என்பதைத் திருத்தி அறிந்தாக வேண்டும். அதற்குரிய அட்டவணை இல்லையேல், வரிமுறிவுகளை எண்ணிக்கொண்டே செல்வதன்றி வழியில்லை.

ஈமேக்ஸ் இவ்வாறு எண்ணும் மரபினது. உரை முழுவதும் ஒரே தொடராக இருக்க, திருத்தம் நிகழுமிடத்தில் மட்டும் ஒரு வெற்றிடம் வைக்கப்படுகிறது. எளிமையான இவ்வமைப்பு பல்லாண்டுகள் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. மனிதர் பெரும்பாலும் ஓரிடத்திலேயே தொடர்ந்து தட்டச்சு செய்கின்றனர். அதன் நலிவு வரிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் வரியின் நீளத்திலேயே மிகுதியாக வெளிப்பட்டது. 2020இல் வந்த 27ஆம் பதிப்பு, நீள்வரிக் கோப்புகளில் சில வசதிகளை நிறுத்திவைக்கும் முறைமையைச் சேர்த்தது. அது மருந்தன்று, பத்தியம். காட்சிப்படுத்தலையே சீர்செய்யும் முயற்சி 2023இல், 29ஆம் பதிப்பில்தான் வந்தது.

விஷுவல் ஸ்டுடியோ கோட் எதிர்முனையில் தொடங்கியது. ஒவ்வொரு வரியும் தனிப்பொருளாக வைக்கப்பட்டதால், வரியைத் தேடுவது எளிதாயிற்று, நினைவகமோ வீங்கிற்று. ஒரு கோடியே 37 இலட்சம் வரிகள் கொண்ட 35 மெகாபைட் கோப்பு ஏறத்தாழ 600 மெகாபைட்டை விழுங்கியதென அதன் உருவாக்குநரே 2018இல் பதிவுசெய்துள்ளனர். அவ்வாண்டில் உரைத்துண்டுகளின் அட்டவணை மரவடிவில் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கணுவும் தன் இடக்கிளையிலுள்ள உரைநீளத்தையும் வரிமுறிவுகளின் எண்ணிக்கையையும் தாங்குவதால், சில படிகளிலேயே வரி கிடைத்துவிடுகிறது. நேரடியாக வரியை எடுக்கும் பழைய விரைவு இதனால் சற்றே குறைந்தது. எனினும் இப்பண்டமாற்று தக்கதே.

இவற்றை ஆங்கில உரைகொண்டே அளந்து முடிவுகூறுவது போதாது. ஆங்கில உரையில் எழுத்தும் பைட்டும் ஒன்றுக்கொன்று நிகர். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். ‘கொ’ என்னும் ஓரெழுத்து இரு குறியீடுகள், ஆறு பைட்டுகள். உரையை இத்தகைய பைட்டு வடிவில் வைத்திருக்கும் ஈமேக்ஸ், எழுத்திடத்தைப் பைட்டிடமாக மாற்றிக் கணக்கிட வேண்டியுள்ளது. விஷுவல் ஸ்டுடியோ கோட் பயன்படுத்தும் உள்வடிவில் தமிழ்க் குறியீடு ஓர் அலகேயாதலின் அச்சுமை இல்லை. ஆயின் அங்கு வேறொரு குறை உண்டு. இயல்பமைப்பில் அது வரியின் 10,000 அலகுகளுக்குப்பின் காட்டுவதை நிறுத்திவிடுகிறது. உயிர்மெய்யும் மெய்யும் பெரும்பாலும் இரண்டு அலகுகள் கொள்வதால், பத்தி முழுவதையும் ஒரே வரியாகக் கொண்ட உரைநூல் மின்பதிப்பு, அதே எழுத்தெண்ணிக்கையுடைய ஆங்கிலப் பத்திக்கு முன்னரே அவ்வெல்லையில் அறுபடுகிறது.