வெண்டைக்காய் அச்சும் சிவப்பு ‘எச்’ முத்திரையும்

போன வருடம் என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கெட்டியான கிரீம் நிற அட்டை, அதன்மேல் சரிகை போல வெட்டிய வெள்ளைக் காகிதம், நடுவில் மூன்றடுக்காக ஒட்டிய பூ, கீழே ஸ்டாம்பில் அடித்த ஆங்கில வாழ்த்து. கடையில் வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அவ்வளவு சுத்தம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு. ஆனா இதுல நீ செஞ்சது என்ன? பூவை மெஷின் வெட்டுச்சு, வாழ்த்தை ஸ்டாம்ப் சொல்லுச்சு” என்று சொல்லிட்டேன்.

அவள் அப்போது ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று கேட்டாள்: “நீங்க எழுதுற கோடு மட்டும் முழுக்க நீங்களே எழுதுனதாப்பா?” அதற்குப் பிறகு அவளுடைய ஸ்டாம்ப், இங்க் பேட், காகிதமெல்லாம் இருந்த டப்பா பரணுக்குப் போய்விட்டது. நான்கு மாதம் கீழே இறங்கவில்லை.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறேன். என் ப்ரோக்ராமில் நான் எழுதிய வரிகளைவிட, யாரோ எழுதி வைத்த லைப்ரரிகளின் வரிகள் பல மடங்கு. இப்போது அதிலும் ஒரு பகுதியை மெஷினே எழுதிக் கொடுக்கிறது. அப்படியிருந்தும் “நான் செஞ்சது” என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். அப்படியென்றால் அவளிடம் நான் சொன்னது விமர்சனமா, வெறும் திமிரா? இதைத் தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

முதலில் என் பெருமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொங்கல் வந்தால் கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். கரும்பு, பானை, மாடு, சினிமா நடிகர்கள். எங்கள் வீட்டில் அதற்குக் காசு கிடையாது. அதனால் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, அப்பா ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, வெள்ளைத்தாளில் ஊதாப் பூக்களாக அடித்து மாமாவுக்கு அனுப்பினேன். ‘நாங்கள் எல்லாம் அப்படி’ என்று இன்றைக்கும் பேச வைக்கும் ஞாபகம் அது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பூவை நான் வரையவில்லை. ஐந்து இதழும் வெண்டைக்காயில் ஏற்கெனவே இருந்தது. மையை அரசாங்கம் கொடுத்தது. எங்கே அடிப்பது, எத்தனை அடிப்பது என்பதை மட்டும்தான் நான் முடிவு செய்தேன். மகளின் டப்பாவுக்கும் என் வெண்டைக்காய்க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் விலைதான். அன்று காசில்லாதவன் கையால் செய்தான், காசுள்ளவன் கடையில் வாங்கினான். இன்று அது தலைகீழ். கையால் செய்யும் அட்டைக்கு ஆகும் செலவில் கடை அட்டை நாலைந்து வாங்கிவிடலாம்.

அடுத்து, கையால் செய்த அட்டையின் வரலாறு. அதைத் தேடினால் முதலில் எதிரே வந்து நிற்பது அச்சடித்த அட்டை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், கிறிஸ்துமஸுக்கு எல்லா நண்பர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்கட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சடித்தார். மிச்சத்தை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். 1840இல் வந்த ஒரு பென்னி தபால் முறைக்காக உழைத்தவர்களில் கோலும் ஒருவர். தபால் மலிவானது, கடிதம் பெருகியது, கை வலித்தது, அச்சு வந்தது. இதில் வேடிக்கை, அந்த அச்சு அட்டைகளுக்கு வண்ணத்தைக் கையால்தான் தீட்டினார்கள். முதல் ‘கடை அட்டை’யிலேயே யாரோ ஒருவருடைய கை இருந்தது. அது அனுப்பியவரின் கை இல்லை, அவ்வளவுதான்.

என்னை உண்மையிலேயே நிறுத்தி வைத்தவர் எஸ்தர் ஹௌலண்ட். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரத்துக்காரர். 1828இல் பிறந்து, 1847இல் மவுன்ட் ஹோலியோக்கில் படிப்பை முடித்தார். அப்பாவுக்குப் புத்தகமும் ஸ்டேஷனரியும் விற்கும் கடை. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டையைப் பார்த்து, இதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியும் என்று தோன்றியிருக்கிறது. சில மாதிரிகளைச் செய்து, விற்பனைக்காக ஊர் ஊராகப் போகும் சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். இருநூறு டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று நினைத்தவருக்கு ஐயாயிரம் டாலர் ஆர்டர் வந்தது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை.

தனியாளாகச் செய்து தள்ள முடியுமா? தோழிகளைச் சேர்த்து வீட்டிலேயே ஒரு வரிசையை அமைத்தார். ஒருத்தி படங்களை வெட்டுவாள், இன்னொருத்தி பின்னணியை ஒட்டுவாள், அடுத்தவள் அதன்மேல் சரிகைக் காகிதத்தை வைப்பாள். ஹௌலண்ட் முதலில் செய்த மாதிரியைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும். பிறகு சாமான்களைப் பெட்டியில் போட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களுக்கும் அனுப்பினார். இன்றைய ‘கிட்’ டப்பாவின் கொள்ளுப்பாட்டி அந்தப் பெட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சரிகைக் காகிதமும் கையால் வெட்டியது அல்ல. செதுக்கிய உலோக அச்சின்மேல் காகிதத்தை அழுத்தி, மேடாக எழும் இடங்களைத் தேய்த்து எடுத்தால் துளை விழும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சரக்கு. என் மகளின் சின்ன மெஷினும் அதே தத்துவம்தான். மெல்லிய உலோக அச்சைக் காகிதத்தோடு சேர்த்துத் தட்டில் வைத்து, கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி இரண்டு உருளைக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் பூ வெட்டிக்கொண்டு வரும்.

ஆக, இன்று மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் ‘கையால் செய்த’ ஹௌலண்ட் அட்டை என்பது, இறக்குமதி செய்த அச்சு வெட்டு, யாரோ அச்சடித்த படம், கூலிக்கு ஒட்டிய விரல்கள், இவற்றின் கூட்டு. பின்புறம் சின்னதாகச் சிவப்பில் ஒரு ‘எச்’ முத்திரை. ஒட்டிய பெண்களின் பெயர் அதில் இல்லை. மென்பொருள்காரனுக்கு இது புதிதல்ல. லோகோ ஒருவருடையது, கமிட் பத்துப் பேருடையது.

அப்படியானால் ஹௌலண்டிடம் பாராட்ட எதுவுமே இல்லையா? இருக்கிறது. அவருடைய அட்டைகளின் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளைச் சரிகைக்கு அடியில் சின்ன வண்ணக் காகிதத் துண்டை வைத்து, துளைகளின் வழியே நிறம் தெரிய வைத்தது அவருடைய யோசனை என்பார்கள். காகிதத்தை விசிறி மாதிரி மடித்து ஸ்ப்ரிங்காக அடியில் வைத்து, மேல் அடுக்கை எழுப்பி நிறுத்தியதும் அப்படித்தான். பொருள் எல்லாம் ஊரார் வீட்டுடையது, ஆனால் எதன்மேல் எதை, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது அவருடையது. கை என்று நான் தேடியது இங்கேதான் இருக்கிறது.

அவர் அட்டைகள் சறுக்கும் இடம் வாசகம். 1879இல் அவருடைய நியூ இங்கிலாந்து வாலண்டைன் கம்பெனி ஒரு வாசகப் புத்தகமே வெளியிட்டது. அட்டைக்குள் இருக்கும் கவிதை பிடிக்கவில்லையா, புத்தகத்திலிருந்து வேறொன்றைத் தேர்ந்தெடுத்து மேலே ஒட்டிக்கொள்ளலாம். வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். ஆனால் மெனு கார்டில் இட்லி, பொங்கல் தேர்ந்தெடுப்பதுபோலக் காதலைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒட்டவில்லை. இன்றைய வாழ்த்து ஸ்டாம்ப் செட் அதன் நேரடி வாரிசு. மகளின் டப்பாவில் ‘உன்னை நினைக்கிறேன்’, ‘நன்றி’, ‘சீக்கிரம் குணமாகு’ எல்லாம் உண்டு, எல்லாம் ஆங்கிலத்தில். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசியதே கிடையாது. என் அம்மா “சாப்டியா?” என்பார். அதற்கு ஸ்டாம்ப் இல்லை.

அட்டை செய்கிறவர்களின் பழக்கங்களைப் பற்றிப் படித்தபோது ‘கேஸ்’ என்ற சொல்லைப் பார்த்தேன். ‘எல்லாவற்றையும் நகலெடு, பகிர்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஒருவர் செய்த அட்டையைப் பார்த்து இன்னொருவர் செய்து, இவருடையதைப் பார்த்துச் செய்தேன் என்று வெளிப்படையாகச் சொல்வார். ஓப்பன் சோர்ஸ்காரர்கள் வெட்கப்பட வேண்டிய நேர்மை. அதனால் ‘நகல்’ என்பது என் குற்றச்சாட்டு அல்ல.

என் உண்மையான குற்றச்சாட்டு ஜர்னல் பக்கம் இருக்கிறது. அட்டை இன்னொருவருக்கு, ஜர்னல் தனக்கு. ஆயத்தப் பொருள் அங்கேயும் பழசுதான். எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இலேயே, பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஸ்கிராப் புத்தகத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஈரம் தொட்டு ஒட்டினால் போதும். ஆனால் அவர் விற்றது பசை மட்டும்தான், ஒட்ட வேண்டியதை நாம்தான் கொண்டுவர வேண்டும். இன்று ‘ஜங்க் ஜர்னல்’ என்ற பெயரில் ஒட்ட வேண்டியதையும் சேர்த்தே விற்கிறார்கள். பாரிஸ் ரயில் டிக்கெட், யாருடையதோ பழைய கையெழுத்து, டீக்கறை, எல்லாம் புதிதாக அச்சடித்த தாள். போகாத ஊரின் டிக்கெட்டை ஒட்டிவிட்டு, போன ஊரின் பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடுகிறோம். குப்பையிலிருந்து சேர்த்தால்தானே ஜங்க்? காசு கொடுத்து வாங்கிய குப்பைக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இப்போது மெஷினில் வரும் டிக்கெட், பில் எல்லாம் பெரும்பாலும் வெப்பத்தாள். மையே கிடையாது, சூட்டில்தான் எழுத்து வருகிறது. வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப்போகும், சில பசைகளும் எழுத்தை அழித்துவிடும். ஒட்டுவதற்கு முன் நகல் எடுத்து, நகலை ஒட்டுங்கள். செய்தித்தாள் துண்டு மஞ்சளாவது அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால். முக்கியமான போட்டோவோடு ஒட்டி வைக்காதீர்கள். அப்பாவின் டைரியில் ஒட்டியிருக்கும் பழைய அச்சு டிக்கெட்டுகள் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன. போன வருடம் நான் வைத்த பில் வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது.

இவ்வளவும் படித்த பிறகு என் அளவுகோலை மாற்றிக்கொண்டேன். ‘இதில் எவ்வளவு கையால் செய்தது?’ என்று இனி கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு ஹௌலண்டும் தோற்பார், நானும் தோற்பேன். ‘இந்த அட்டையை வேறு யாருக்காவது அனுப்ப முடியுமா?’ என்பதுதான் இப்போது என் கேள்வி. முடியும் என்றால் அது நன்றாகச் செய்த சரக்கு. முடியாது என்றால், பூவை மெஷினே வெட்டியிருந்தாலும், அனுப்பியவரின் கை அதில் இருக்கிறது.

இந்த அளவுகோலோடு என் பிறந்தநாள் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பூவின் நடுவில் மஞ்சள் மணிக்குப் பதிலாக ஒரு கருப்புச் சதுரம். உற்றுப் பார்த்தால் என் பழைய கீபோர்டிலிருந்து உடைந்து விழுந்த எஸ்கேப் பட்டன். ஆறு மாதமாக அது எங்கே போனது என்று தேடியவன் நான்தான். முதல் நாள் அதைக் கவனிக்கவே இல்லை. டையையும் ஸ்டாம்பையும் கண்டுபிடிப்பதில் அவ்வளவு மும்முரம்.

மகளிடம் போய், “நான் சொன்னது தப்பு. அட்டையைச் சரியாவே பார்க்கலை” என்றேன். “சரி” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கிற வயசு இல்லை. பரணிலிருந்து டப்பாவை நான்தான் இறக்கி வைத்தேன். ஒரு வாரம் அது அப்படியே கிடந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய ரப்பர் ஒன்றும் சின்ன பிளேடும் கேட்டாள். என் அம்மாவுக்கு அனுப்ப ‘சாப்டியா’ என்று தமிழில் ஸ்டாம்ப் செதுக்குகிறாளாம். முதல் தடவை எழுத்தைத் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டாள். அடித்துப் பார்த்தால் ‘ப்’ மட்டும் சரியாக இருக்க, மற்றதெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி வலமிருந்து இடமாக விழுந்தது. “வேற ரப்பர் வாங்கித் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம்ப்பா. பாட்டி படிச்சுடுவாங்க.”

அப்படியேதான் அனுப்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை.