பெயரில்லாத ஆறு

ஆற்றைப் பாடிய கவிஞர் கரையில் எவற்றைக் கண்டார் என்று மட்டும் கேட்டால் போதாது. எவரைக் காணத் தவறினார் என்றும் கேட்க வேண்டும். இக்கேள்வியோடு, குடியேற்றக்கால அமெரிக்காவின் முதற்கவிஞராகப் போற்றப்படும் அன் பிராட்ஸ்ட்ரீட்டை அணுகுவோம்.

1630இல் இங்கிலாந்திலிருந்து மசச்சூசெட்ஸ் சென்ற பியூரிட்டன் குடும்பத்தவர் அவர். பெண் எழுதுவதை ஏளனஞ்செய்த சமூகத்தில், எட்டுக் குழந்தைகளை வளர்த்தவாறே எழுதினார். 1650இல் அவரது நூல் இலண்டனில் வெளிவந்தது. அத்துணிவுக்குத் தலைவணங்குகிறோம். அவர் மறைந்தபின், 1678ஆம் ஆண்டுப் பதிப்பில் 'சிந்தனைகள்' என்ற நெடுங்கவிதை இடம்பெற்றது. மரநிழலில் அமர்ந்த கவிஞர், தடைகளைத் தாண்டிக் கடலை நாடும் ஆற்றைப் போலத் தம் உயிரும் இறைவனைச் சேராதா என அதிலே ஏங்குகிறார். அந்த ஏக்கம் உண்மையானது.

ஆனால் அங்கே பாடும் நைட்டிங்கேல் பறவை அமெரிக்காவில் வாழ்வதில்லை. அது ஐரோப்பிய ஏடுகளிலிருந்து பறந்து வந்தது. ஆற்றுக்கோ பெயரே இல்லை. கவிஞர் வாழ்ந்த ஆண்டோவரின் அருகே ஓடுவது மெரிமாக். அது பழங்குடியினர் வழங்கிய பெயர். அதன் அருவிகளில் பென்னாக்குக் மக்கள் காலங்காலமாக மீன்பிடித்தனர். கவிதையில் மீன்கள் கவலையின்றித் திரிகின்றன, பிடிப்பவர் இல்லை. 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோய் கடலோரக் குடிகளை அழித்திருந்தது. எஞ்சிய வெற்றிடத்தை இறைவனின் கொடை எனக் குடியேறியோர் கருதினர். கவிதையின் அமைதியும் அந்த வெற்றிடத்தில் பிறந்ததே. கவிஞர் பொய்யுரைத்தார் என்று நாம் கூறவில்லை. தம் வர்க்கம் காட்டியதையே கண்டார் என்கிறோம்.

இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. மன்னாரில் கரையிறங்கிய தமிழ்த் தொழிலாளர், தம்புள்ளை, நாவுல, நாலந்தா வழியாகவே மாத்தளைக்கு நடந்தனர். பசிக்கும் கொலராவுக்கும் வழியிலே பலியானோர் பலர். அவர்களின் வழிவந்தோர் பாடிய பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். எழுத்தறியா மக்களின் அப்பாடல்களில் துரையும் கங்காணியும் வருகின்றனர். உழைப்பவரின் நோவும் வருகிறது. ஏடறிந்தவர் விட்டதை ஏடறியாதவர் விடவில்லை.

இன்று நாவுலவில் அம்பன் கங்கையை மறித்து மொரகஹகந்த நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. 2018இல் அது திறந்துவைக்கப்பட்டது. வயல்களுக்குப் பாயும் அந்நீரை நாமும் வரவேற்கிறோம். அதன் அழகைப் பாட முனையும் இளங்கவிஞர், நீருக்கு ஊரை விட்டுக்கொடுத்து அகன்ற மக்களையும் பாடவேண்டும். இல்லையேல் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கேட்ட அந்த நைட்டிங்கேல் நம் கரையிலும் பாடத் தொடங்கிவிடும்.