ஒட்டுப்போட்ட நிறமாலை

கற்பிட்டிக் கரையில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை நிறுத்தினாலும் கருந்துளையின் எக்ஸ் கதிர் அதில் விழாது. வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடும். செய்மதிதான் கதி. 2015 செப்டெம்பர் 28 அன்று ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட் அப்படியொன்று. நிலநடுக்கோட்டுக்கு 6 பாகைச் சாய்வில், 650 கிலோமீற்றர் உயரத்தில் அமைந்த அதன் பாதை புத்தளத்துக்குத் தெற்கே போகிறது.

அதன் சிறப்பு, பல கருவிகள் ஒரே பொருளை ஒரே நேரத்தில் நோக்குவது. மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி 0.3 முதல் 8 கிலோ இலத்திரன்வோல்ட் வரை பார்க்கும். லாக்ஸ்பிசி எண்ணிகள் 3 முதல் 80 வரை. இதன் பயன் ஜிஆர்எஸ் 1915+105 போன்ற கருந்துளையிடம்தான் தெரியும். சில விநாடிகளுக்குள்ளேயே ஒளி ஏறி இறங்கும் பொருள் அது. காலையில் மென்கதிரையும் மாலையில் வன்கதிரையும் அளந்து சேர்த்தால் எப்போதுமே இருந்திராத ஒரு நிலைதான் கிடைக்கும். கருந்துளையைச் சுற்றும் சூடான வட்டின் ஒளி ஆற்றலின் கீழ்ப்பக்கம், அதிவெப்ப இலத்திரன்கள் சிதறடித்த ஒளி மேல்பக்கம், 6.4இல் இரும்பின் கோடு. இவற்றைப் பிரித்தறிய இரு பக்கமும் சேர்ந்தே வேண்டும். இதில் எனக்கு மறுப்பில்லை.

சிக்கல் ஒட்டுப்போட்ட இடத்தில். 3 முதல் 8 வரை இரு கருவிகளும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும்; சொல்வதில்லை. ஆய்வாளர்கள் ஒரு பெருக்கல் மாறிலியைப் போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். கூடவே 2, 3 சதவீத முறைசார் பிழையும் சேர்ப்பது வழக்கம். பிரகாசமான மூலங்களில் எண்ணிக்கைப் பிழை இதைவிட மிகச் சிறியது. ஆக, முடிவைத் தீர்மானிப்பது வானமல்ல, அந்தச் சில சதவீதம். லாக்ஸ்பிசி படம் பிடிக்காது. பின்னணியை வெற்று வானத்தைப் பார்த்தே மதிப்பிட வேண்டும். மங்கலான மூலங்களில் இது பெரிய தலைவலி. மூன்று எண்ணிகளில் ஒன்று வாயுக் கசிவால் 2018இல் நின்றும் போனது.

கருவி பழுதில்லாவிட்டாலும் நிறமாலைக்குப் பொருத்தும் மாதிரி ஏமாற்றும். அஸ்ட்ரோசாட்டுக்கு முன்பே, 2006இல், இதே கருந்துளையின் சுழற்சியை (உச்ச அளவு 1) ஒரு குழு 0.98க்கு மேல் என்றது. இன்னொன்று ஏறக்குறைய 0.7 என்றது. இரண்டும் வட்டின் ஒளியைப் பொருத்திப் பெற்றவையே. அகல நிறமாலை இந்த இடைவெளியைக் குறைக்கும், ஒழிக்காது. ஆனாலும் சுழற்சியை இரண்டு தசமத் துல்லியத்தில் அறிவிக்கும் கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன.

அஸ்ட்ரோசாட்டின் பழைய தரவுகள் பொதுவில் உள்ளன. புத்தளத்தில் பௌதிகவியல் படிப்பவர்களே, அவற்றை இறக்கி, அந்த மாறிலியைச் சேர்த்தும் விட்டும் பொருத்திப் பாருங்கள். சுழற்சி எவ்வளவு நகர்கிறது என்று நீங்களே அளக்கலாம்.