யூனிக்ஸ் திரை அமைப்பும் தமிழ் எழுத்தும்: ஒரு விமர்சனம்

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வழிக் கணினிகளில் உயர் தெளிவுத்திறன் கொண்ட திரை சில வேளைகளில் தானாக அமைவதில்லை. பயனரே கட்டளை எழுதி அமைக்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் இணையத்தில் நிறைய உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை திரை முழுவதும் படம் நிரம்பியதும் முடிந்துவிடுகின்றன. தமிழ் படிப்பவருக்கு அப்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். மீதிப் பாதியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

ஏற்காட்டில் ஒரு வகுப்பறை

ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டை அடுத்த ஒரு மலைக்கிராமப் பள்ளியில் வாரம் இரண்டு நாள் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். அங்கே அன்பளிப்பாக வந்த 24 அங்குலத் திரை ஒன்று உள்ளது. அதன் அளவு 1920×1080 பிக்சல். கணினி அடுத்த அறை அலமாரியில் இருக்கிறது. நீளமான விஜிஏ கம்பி இரண்டையும் இணைக்கிறது. இயங்குதளம் டெபியன் லினக்ஸ், மேசைச்சூழல் எக்ஸ்எஃப்சிஇ.

முதல் நாள் திரை 1024×768 அளவில்தான் எழுந்தது. "சார், எழுத்தெல்லாம் குண்டா இருக்கு" என்றாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி. அவள் சொன்னது கணக்குப்படியும் சரி. 4:3 விகிதப் படத்தை 16:9 திரையில் இழுத்து நிரப்பினால், உயரத்தை ஒப்பிட அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

காரணம் எளியது. ஒவ்வொரு திரையும் தன் அளவு, தாங்கக்கூடிய வேகம் முதலியவற்றை ஈடிஐடி என்ற சிறு தரவாகக் கணினிக்கு அனுப்புகிறது. விஜிஏ கம்பியில் இதற்கெனத் தனி இழைகள் உண்டு. மலிவான நீட்டிப்புக் கம்பிகளில் அவை விடுபட்டிருக்கலாம். தகவல் வராதபோது எக்ஸ் சாளர அமைப்பு, எந்தத் திரைக்கும் ஆபத்தில்லாத ஒரு சிறிய அளவைத் தேர்ந்துகொள்கிறது.

எழுத்து குண்டாவதைக் காட்டிலும் மங்குவதுதான் பெரிய தொல்லை. விதி – வீதி, கெடு – கேடு, கொடு – கோடு ஆகிய இணைகளை வேறுபடுத்துவது ஒரு சிறு சுழி மட்டுமே. மெய்யெழுத்துக்கு ஒரு புள்ளிதான் அடையாளம். ஓலைச்சுவடிகளில் பொதுவாகப் புள்ளி இடுவதில்லை. படிப்பவர் இடம் நோக்கி அறிந்துகொண்டார். பழகிய நாமும் மங்கிய திரையில் அப்படியே ஊகித்துப் படித்துவிடுகிறோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தையால் அது முடியாது.

கைமுறை அமைப்பில் நல்லது எது

எக்ஸ் 1984-இல் எம்ஐடியில் தொடங்கப்பட்டது. எக்ஸ்11 பதிப்பு 1987-இல் வந்தது. நெடுங்காலம் திரை அளவை ஒரு கோப்பில் கையால் எழுதியே அமைத்தார்கள். இன்று மூன்று படிகள் போதும். சிவிடி என்ற கட்டளையிடம் அகலம், உயரம், விநாடிக்கு எத்தனை முறை என்று மூன்று எண்களைக் கொடுத்தால், மோட்லைன் என்ற வரியைத் தரும். அவ்வரியை எக்ஸ்ரேண்டர் கட்டளையால் புதிய முறையாகப் பதிந்து, திரை இணைப்போடு சேர்த்து, இயக்க வேண்டும்.

1920, 1080, 60 என்று கொடுத்தால் வரும் வரியில் 173.00 என்ற எண் முதலில் நிற்கும். பின்னர் அகலத்துக்கு 1920 முதல் 2576 வரையும், உயரத்துக்கு 1080 முதல் 1120 வரையும் எண்கள் வரும். இதை மந்திரமாக நினைக்க வேண்டியதில்லை. 2576-ஐ 1120-ஆல் பெருக்கினால் 28,85,120. விநாடிக்கு 17 கோடியே 30 லட்சம் பிக்சல் அனுப்பும் வேகத்தை இதால் வகுத்தால் ஏறக்குறைய 60 வரும். கண்ணுக்குத் தெரியும் 1920-க்கு மேலுள்ள மிகுதி, பழைய குழாய்த் திரைகளில் மின்கற்றை மறு ஓரத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம். இன்றைய தட்டைத் திரையில் கற்றை இல்லாததால் அந்த மிகுதியைக் குறைக்கலாம். அப்போது 173 என்பது 138.5 ஆகும்.

இந்தக் கணக்கை விளக்கிய பழைய ஆவணம் எரிக் எஸ். ரேமண்ட் எழுதிய 'எக்ஸ்எஃப்ரீ86 வீடியோ டைமிங்ஸ் ஹவ்டூ'. குழாய்த் திரைக் காலத்தது என்பதால் இன்று அப்படியே பயன்படாது. ஆயினும் ஆசிரியர் என்ற முறையில் அதை நான் மதிக்கிறேன். திரை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் விளக்கி, பிறகே எண்களுக்கு வருகிறது. தவறான எண் திரையைக் கெடுக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. பின்னால் வந்த குறிப்புகள் பலவும் 'இந்த வரியை ஒட்டுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. வரி வேலை செய்யாவிட்டால் மாணவர் கையில் எதுவும் மிஞ்சாது.

குறைகள்

முதற்குறை, எக்ஸ்ரேண்டரில் செய்த மாற்றம் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். ஏற்காட்டில் மழையோடு மின்சாரமும் போவது வழக்கம். இரண்டு முறை எங்கள் திரை பழைய நிலைக்கே திரும்பியது. மோட்லைனை எக்ஸ்ஆர்க் அமைவுக் கோப்பின் மானிட்டர் பகுதியில் எழுதிவைத்த பிறகே நிலைத்தது. இது பின்குறிப்பாகச் சொல்ல வேண்டியதன்று. முதல் பாடத்திலேயே வர வேண்டியது.

இரண்டாவது, பிழைச் செய்தி. 3840×2160 அளவை 60 முறை காட்டச் சிவிடி கணக்கில் 712.75 மெகாஹெர்ட்ஸ் வேகம் தேவை. மிகுதியைக் குறைத்தாலும் 533. எச்டிஎம்ஐ 1.4 இணைப்பின் உச்சம் 340. ஆகவே அந்த இணைப்பில் 30 முறைதான் இயலும். பயனருக்குக் கிடைப்பதோ 'கன்ஃபிகர் சிஆர்டிசி 0 ஃபெயில்டு' என்ற ஒரே வரி. குறை கம்பியிலா, கணினியிலா, தன் தட்டச்சிலா என்று அவரால் அறிய முடியாது. தொலைபேசிச் சமிக்ஞை வந்து வந்து போகும் மலையில், இணையத்தில் தேடிக்கொள்ளுங்கள் என்பது விடையாகாது.

மூன்றாவதே பெரிய குறை: எழுத்தின் அளவு. அச்சில் 12 பாயிண்ட் என்பது ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4.2 மில்லிமீட்டர். எக்ஸ் வழக்கமாக எல்லாத் திரைகளையும் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றே எடுத்துக்கொண்டு, 12 பாயிண்ட்டுக்கு 16 பிக்சல் ஒதுக்குகிறது. எங்கள் 24 அங்குலத் திரை அங்குலத்துக்கு 92 பிக்சல் கொண்டது, ஆகவே தொல்லையில்லை. அதே 1920×1080 அளவு 14 அங்குல மடிக்கணினியில் வந்தால் அங்குலத்துக்கு 157 பிக்சல். 16 பிக்சல் என்பது அங்கே 2.6 மில்லிமீட்டராகச் சுருங்கும். கோப்பில் 12 பாயிண்ட் என்றிருக்கும். கண்ணுக்குத் தெரிவதோ 7 பாயிண்ட். ஆங்கில எழுத்து அந்த அளவிலும் ஓரளவு தாங்கும். கேடு என்பதன் சுழி தாங்காது.

உடனே பலரும் செய்வது தெளிவுத்திறனைக் குறைப்பது. 1920×1080 திரையை 1366×768-க்கு மாற்றினால் எழுத்து பெரிதாகும். ஆனால் ஒரு பிக்சலை 1.4 பிக்சலில் பரப்ப வேண்டியிருப்பதால் ஓரம் மங்கி, புள்ளியும் சுழியும் கலங்கும். திரையை அதன் இயல்பான அளவில் விட்டு, எழுத்தின் அளவை மட்டும் உயர்த்துவதே சரி. எக்ஸ்எஃப்சிஇ-யில் தோற்றம் என்ற அமைப்பில் எழுத்துருப் பகுதிக்குச் சென்று, டிபிஐ 144 என்று கொடுத்தால் 12 பாயிண்ட்டுக்கு 24 பிக்சல் கிடைக்கும். மேற்சொன்ன மடிக்கணினியில் 3.9 மில்லிமீட்டர். இதற்குக் கட்டளை எதுவும் வேண்டாம். ஆனால் ஜிடிகே, க்யூடி என ஒவ்வொரு கருவித்தொகுப்பும் அளவைத் தன் வழியில் கையாள்கிறது. ஜிடிகே 3 பொத்தான்களையும் படங்களையும் முழு எண் மடங்கில்தான் பெருக்கும். அதனால் எழுத்து வளர்ந்து, பொத்தான் சிறிதாகவே நின்றுவிடுவதுண்டு.

மதிப்பீடு

புதிய வேலேண்ட் அமைப்பு திரைக்குத் திரை அளவைத் தனியே மாற்ற இடம் தருகிறது; இது முன்னேற்றம். ஆனால் எக்ஸ்ரேண்டரால் புதிய முறையைச் சேர்க்கும் வழி அங்கே இல்லை. ஈடிஐடி தராத பழைய கம்பிகளோடு வாழும் பள்ளிகளுக்கு எக்ஸ் இன்னும் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் இது சிலருக்கான சிக்கல் மட்டுமன்று. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மாணவர் பலரின் கைக்கு வந்தது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. படிப்பவர் இருக்கிறார்கள், எழுதுபவரும் இருக்கிறார்கள். இனி எழுதப்படும் திரை வழிகாட்டிகள் இறுதியில் ஒரு சோதனை வரியையும் சேர்க்கலாம்: விதி வீதி, கெடு கேடு, கொடு கோடு, பனி பணி, கண கண். இதை 12 பாயிண்ட்டில் இட்டு, இருக்கையில் சாய்ந்தபடியே ஒரு குழந்தை தடுமாறாமல் படித்தால் திரை அமைந்துவிட்டது என்று கொள்ளலாம்.