பிள்ளைத்தமிழும் தாயின் திங்களும்

பிள்ளைத்தமிழ், குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள் கணக்கில் வகுக்கும் சிற்றிலக்கியமாகும். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால் என இருபத்தொன்றாம் திங்கள் வரை பத்துப் பருவங்களைப் பாட்டியல் மரபு அமைக்கிறது. புலவர் தாய்நிலையில் நின்றே பாடுகிறார். எனினும் ஈன்ற உடலின் நோவும் உறக்கமின்மையும் மிகுந்த முதலிரு திங்கள்கள் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன. நாட்டுப்புறத் தாலாட்டிலோ தாய் தன் மனக்குறையையும் சேர்த்தே பாடுகிறாள்.

தில்லியில் நாடாளுமன்றம் 2017இல் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், பணிபுரியும் மகளிர்க்கு முதலிரு மகப்பேற்றுக்கான 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. மகப்பேற்றுக்குப் பின் முழுவதும் எடுப்பினும், ஏழாம் திங்கள் தொடங்குகையில் அது முடிந்துவிடுகிறது. பிறந்தகம் நீங்கித் தில்லியில் வாழும் தமிழ்த்தாய்க்குத் தாலப் பருவமே பணிக்குத் திரும்பும் பருவமாகிறது. இலக்கணம் விட்ட தொடக்கத்தையும் சட்டம் விட்ட தொடர்ச்சியையும் பாடுபொருளாக்குதல் இன்றைய தாய்மை இலக்கியத்தின் கடனாகும்.